பூ விழுந்தால் புறப்படும்

சத்தியம்! தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன் தம்பி, நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. உரக்கவே சொல்கிறேன், ரோட்டில் போகிறவனும் கேட்கட்டும். பொய்யென்றால் அதோ அந்தப் புளியமரம் முறிந்து இந்தப் பெட்டி மேலேயே விழட்டும். என்னடி? பெட்டி மேல் வேண்டாமாம் தம்பி. கூரைத் தகரம் போன ஆடிக்காற்றுக்குப் பிறகுதான் மாற்றியதாம். சரி, மரம் ரோட்டுப் பக்கமாக விழட்டும். எந்தப் பக்கம் விழுந்தாலும் சத்தியம் சத்தியம்தான்.

அவள் என் வீட்டுக்காரி, மாதம்மா. டீ அவள் கைப்பக்குவம். மெதுவாகக் குடியுங்கள், உங்கள் பஸ் வர இன்னும் நேரம் இருக்கிறது.

தண்டவாளமே இல்லாத இடத்தில் ரயில் பெட்டி எப்படி வந்து டீக்கடையாக நிற்கிறது என்றுதானே கேட்டீர்கள்? வருகிறவர் போகிறவர் எல்லாரும் கேட்பதுதான். ஒருவர் ஏலத்தில் எடுத்தீர்களா என்றார். இன்னொருவர் சினிமாக்காரர்கள் விட்டுப்போனதா என்றார். ஏலமாவது, சினிமாவாவது! நான் கார்டு திம்மராயன். இது என் வண்டி.

கீழே சந்தைமேடு தெரியுமில்லையா, பெரிய லைன் வந்து நிற்கிற ஊர்? அங்கிருந்து மேலே கரடிக்கொல்லை வரைக்கும் எங்கள் சின்ன லைன். புளியும் நிலக்கடலையும் மாங்காயும் இறக்குவதற்காக வெள்ளைக்காரக் கம்பெனி போட்டது. சின்ன லைன் என்றால் எவ்வளவு சின்னது? ஒரு தண்டவாளத்தில் இடது காலும் அடுத்ததில் வலது காலும் வைத்து நின்றுகொண்டு நான் வெற்றிலை போடுவேன். என்ஜின் எருமைக் கன்று உயரம். ஏரிக்கரையில் தண்ணீர் பிடிக்க நிறுத்தினால் நிஜ எருமைகள் வந்து அதை முகர்ந்து பார்த்துவிட்டு, நம் சாதி இல்லை என்று தள்ளிப் போகும். பின்னால் இரண்டே பெட்டி. முன்பெட்டி ஜனங்களுக்கு. பின்பெட்டியில் பாதி ஜனம், பாதி கார்டு. அந்தப் பின்பெட்டியில்தான் இப்போது நீங்கள் டீ குடிக்கிறீர்கள்.

ஒரு தடவை இலுப்பைப்பூ மூட்டை ஏற்றியிருந்தோம். அதன் வாசனைக்குக் கரடி ஒன்று ஏறிவிட்டது. நீங்கள் இருக்கிற அதே பலகையில்தான், காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு சந்தைமேடு வரை வந்தது. டிக்கெட் கேட்டாயா என்றால், கேட்கிற மூஞ்சியா அது? ஆனால் ஒன்று, இறங்கும்போது யாரையும் இடித்துத் தள்ளாமல் இறங்கியது. அந்த மரியாதை இப்போது பஸ்ஸில் இருக்கிறதா?

சரி, கதைக்கு வருகிறேன்.

இந்தப் பெட்டிக்குப் பின்னால் வேலமரத்தடியில் பார்த்தீர்களா, ஆளுயரக் கல்லாக, மீசை வைத்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் எங்கள் முனியப்பன். கம்பெனிக்காரன் லைன் போட்டபோது பிளேக் துரை என்று ஒருத்தன் வந்தான். கயிறு பிடித்துப் பார்த்தால் லைன் நேராக முனியப்பன் மடியில் போகிறது. கல்லைத் தூக்குங்கள் என்றான். யாரும் தூக்கவில்லை. சரியென்று இரண்டு முழம் தள்ளிப் போட்டு என்ஜினை விட்டுப் பார்த்தான். தடம் புரண்டது. தூக்கி நிறுத்தி மறுபடி விட்டான், மறுபடி புரண்டது. ஒவ்வொரு தடவையும் சாமி பக்கமாகவே சரிந்து, மூக்கைத் தரையில் வைத்துக் கும்பிடுகிற மாதிரியே கிடந்தது தம்பி! துரை தொப்பியைக் கழற்றிவிட்டான்.

அப்போதிருந்த பூசாரி சொன்னார்: "துரை, அவரு எல்லைக்குள்ள வர்றவன் கேட்டுட்டுத்தான் போவணும். மாட்டு வண்டிக்காரனே கேக்கறான், ஒங்க வண்டிக்கு என்ன கொழுப்பு?"

கேட்பது எப்படி? எங்கள் பக்கம் பூவாக்குதான். சாமியின் இரண்டு தோளிலும் சந்தனம் குழைத்துத் தடவி, ஆளுக்கொரு அரளிப்பூ ஒட்டுவார் பூசாரி. சந்தனம் காயக் காயப் பூ பிடி விடும். வலது தோள் பூ முதலில் விழுந்தால், போ. இடது தோள் பூ முதலில் விழுந்தால், இரு. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேள். துரை ஒத்துக்கொண்டான். அன்றைக்கே ஒரு கல் பிசகாமல் லைன் நின்றது. சந்தைமேடு ஸ்டேஷனில் நேரப் பலகை ஒன்று தொங்கும். எல்லா நிறுத்தத்துக்கும் மணி போட்டிருக்கும். முனியப்பன் கோயில் நிறுத்தத்துக்கு எதிரே மட்டும் "பூ விழுந்தால் புறப்படும்" என்று பெயிண்டில் எழுதியிருக்கும். என் கண்ணால் பார்த்தது.

இப்படித்தான் வெள்ளைக்காரன் இருந்தவரை ஓடியது, அவன் போன பிறகும் ஓடியது. நான் கார்டாக வந்த காலத்தில் டிரைவர் இன்னாசி. கழுத்தில் சிலுவை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் ஆள். ஆனால் முனியப்பன் வாக்கு இல்லாமல் கைப்பிடியைத் தொடமாட்டார். "மாதா வேற டிப்பார்ட்மெண்டு திம்மா. லைன் இவரு டிப்பார்ட்மெண்டு" என்பார்.

பூசாரி பெயர் காளியப்பன். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். தின்கிற விஷயத்தில் சொல்கிறேன். இங்கே அப்போது டீக்கடை போட்டிருந்தவர் நஞ்சப்பன். வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு டீ போகும். அதனால் வண்டி புகை தெரிந்ததுமே நஞ்சப்பன் ஒரு தட்டில் சுடச்சுட மசால் வடை வைத்துப் பூசாரி முன்னால் தள்ளுவார். வடை தின்கிற கைக்குச் சந்தனம் குழைக்க நேரமாகுமா இல்லையா? குழைத்தாலும் அள்ளி அப்புவார். அள்ளி அப்பினால் காய எவ்வளவு நேரம்!

நஞ்சப்பனை மட்டும் சொல்லக்கூடாது. கரடிக்கொல்லைப் பள்ளிக்கூட வாத்தியார் இந்த வண்டியில்தான் போவார். அவருக்குக் காலை முதல் வகுப்பு கணக்கு. கணக்கு அவருக்கே வராது. அவர் பூசாரிக்கு மூக்குப்பொடி வாங்கி வருவார். மாமியார் வீட்டுக்குத் திரும்புகிற பெண்கள் பூசாரி காலிலேயே விழுவார்கள், "அண்ணா, கெட்டியா ஒட்டுங்கண்ணா" என்று. மாங்காய் வியாபாரிகூட வாய் திறக்கமாட்டான். காயாக ஏற்றுகிறான், சந்தைமேட்டில் பழமாக இறக்குகிறான், அவனுக்குப் பழுக்கவைக்கிற வைக்கோல் மிச்சம்.

இப்படி ஆளாளுக்குத் தன் காரியத்தைப் பார்த்தால் லைன் உருப்படுமா? சுயநலம் தம்பி, சுயநலம். நான் மட்டும்தான் அதில் சேராத ஆள். பூசாரிக்கு அவ்வப்போது ஒரு கட்டுப் புகையிலை கொடுப்பேன், அது மரியாதைக்கு. வண்டி நிற்கிற நேரத்தில் நான் நஞ்சப்பன் கடையில் போய் உட்காருவேன், அது ஓய்வுக்கு. அங்கே நஞ்சப்பன் மகள் மாதம்மா டீ ஆற்றிக்கொண்டிருப்பாள், அது அவள் வேலை. இந்த மூன்றையும் முடிச்சுப் போட்டுப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

என்னடி சிரிப்பு? பாலைப் பார், பொங்குது.

நஞ்சப்பனுக்கு ஒரு கொள்கை. ரயில்காரனுக்குத்தான் பெண்ணைக் கொடுப்பேன் என்பார். ரயில்காரன் என்றால் கோட்டு, தொப்பி, பச்சைக்கொடி, சிவப்புக்கொடி, விசில். யாருக்கு இருக்கிறது அதெல்லாம்? எனக்கு. பேச்சு ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். அந்த நேரம் பார்த்து ரோடு போட்டது அரசாங்கம். ரோட்டோடு பஸ்ஸும் வந்தது. மூஞ்சியில் சிவப்பு, முதுகில் ஏணி. அதில் கண்டக்டர் கன்னையன் என்று ஒரு பயல். நெற்றியில் சுருட்டை முடியைச் சுருட்டிச் சுருட்டி விடுவான். அவனிடமும் விசில் இருந்தது. அவன் விசில் என் விசிலைவிடச் சத்தம் கூட.

நஞ்சப்பன் கொள்கை ஆட ஆரம்பித்தது. ஒரு நாள் டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்கிறார்: "திம்மராயா, லைனை மூடப்போறாங்கன்னு பேசிக்கறாங்க. லைன் இருந்தா நீ மாப்ளே. லைன் போச்சுன்னா டீ குடிச்சமா, எந்திரிச்சுப் போனமான்னு இருந்துக்க. அப்பறம் நான் கன்னையன் வீட்டுல பேசிக்கறேன்."

நான் மாதம்மாவைப் பார்த்தேன். அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். ஆறிப்போன டீயைத் தம்பி, மறுபடி மறுபடி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

பேச்சு மெய்தான். பட்டணத்திலிருந்து பத்மநாபன் என்று ஒரு ஆபீசர் வருகிறாராம். வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒரு போக்குப் போய்ப் பார்ப்பாராம். சொன்ன நேரத்துக்குக் கரடிக்கொல்லை போய்ச் சேர்ந்தால் லைன் இருக்கும். சேராவிட்டால் மூடுவிழா. அவ்வளவுதான், ஒரே ஒரு போக்கு. அதில் என் உத்தியோகமும் மாதம்மாவும் ஒன்றாகத் தொங்குகிறார்கள்.

வண்டி நின்றுபோனால் நஞ்சப்பனுக்கு டீ போகாது. வாத்தியாருக்கு பஸ்ஸில் போனால் முதல் வகுப்புக்கே போய்ச் சேர வேண்டியிருக்கும். எல்லாரும் சேர்ந்து பூசாரியிடம் போனோம். நான்தான் பேசினேன்: "அண்ணே, நாளன்னிக்கு ஒரு நாள் மட்டும் சந்தனத்தைக் கொஞ்சம் தண்ணியா, வலது பக்கத்துக்கு..."

காளியப்பன் எழுந்து நின்றுவிட்டார். "என்ன பேச்சு பேசற? வடை தின்னேன், பொடி போட்டேன், பொகையில மென்னேன், இல்லங்கல. அதெல்லாம் எனக்கு. ஆனா எந்தப் பக்கம் மொதல்ல விழணுங்கறதுல இந்தக் கை இதுவரைக்கும் பூந்ததில்ல. பூரவும் பூராது. அது அவருக்கு."

இப்படி ஒரு யோக்கியனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுநாள் மத்தியானம் பூசாரி ஏரிக்குக் குளிக்கப் போயிருந்தார். நான் ஒரு சின்னக் கிண்ணத்தில் விளக்கெண்ணெய் எடுத்துக்கொண்டு சாமி முன்னால் போய் நின்றேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாமிக்கு எண்ணெய்க்காப்பு புண்ணியந்தானே? வலது தோளுக்கு மட்டும் கொஞ்சம் அதிகப் புண்ணியம். எண்ணெய் ஊறிய கல்லில் சந்தனம் ஒட்டாது, ஒட்டாவிட்டால் பூ நிற்காது. பூசாரி தொட்டதும் வலது பூ விழும், வண்டி பறக்கும்.

கொஞ்சம் எழுந்து நில்லுங்கள், காட்டுகிறேன். நீங்கள்தான் முனியப்பன். மீசை இல்லாவிட்டால் பரவாயில்லை. நான் உங்களுக்கு எதிரே நிற்கிறேன். இதோ பாருங்கள், இது என் வலது கை. சோறு தின்கிற கை. இதை இப்படியே நேராக நீட்டுகிறேன். எந்தத் தோள் மேல் படுகிறது? பை மாட்டியிருக்கிறீர்களே, அந்தத் தோள். ஆக, வலது தோள். அங்கேதான் தேய் தேயென்று தேய்த்தேன்.

என்ன? அது உங்களுக்கு இடது தோளா? உங்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள் போலிருக்கிறது. உட்காருங்கள், உட்காருங்கள், டீ ஆறுகிறது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இந்த நஞ்சப்பன் இருக்கிறாரே, அவரும் யாரிடமும் சொல்லாமல், ஆபீசர் வருகிற அன்றைக்கு விடியற்காலை ஒரு கிண்ணம் எண்ணெயோடு போய்ச் சாமிக்குப் புண்ணியம் செய்திருக்கிறார்! லைன் பிழைக்கவேண்டும் என்றுதான். அதைக் குறை சொல்லமாட்டேன். செய்ததைச் சரியாகச் செய்தாரா, அதுதான் கேள்வி.

ஆபீசர் வந்தார். பூட்ஸ், கைக்கடிகாரம், கர்சீப். இந்தப் பெட்டியில், இந்த ஜன்னலோரம் உட்கார்ந்தார். முன்பெட்டியில் ஜனம் பிதுங்குகிறது. ஊரே நல்ல துணி உடுத்தி ஏறியிருந்தது. இன்னாசி என்ஜினுக்கு மாலை போட்டிருந்தார். நான் பச்சைக்கொடி காட்டினேன் பாருங்கள், தம்பி, அன்றைக்கு ஓடியதைப்போல அந்த வண்டி என்றைக்கும் ஓடவில்லை. பக்கத்து ரோட்டில் கன்னையன் பஸ் வந்தது. அதை முந்தினோம்! சத்தியமாக முந்தினோம். பஸ்ஸில் இருந்த கிழவி ஒருத்தி எங்களைப் பார்த்து, "நிறுத்துங்க, நான் அதுல ஏறிக்கறேன்" என்று கூவினாள்.

இங்கே வந்து நின்றோம். நஞ்சப்பன் வடை போடவில்லை. வாத்தியார் பொடி டப்பாவைத் திறக்கவில்லை. காளியப்பன் கைகாலைக் கழுவிக்கொண்டு வந்து சந்தனம் தடவினார். வலது தோளில் ஒரு பூ, இடது தோளில் ஒரு பூ. கையை எடுத்தார்.

தொப்பென்று விழுந்தது.

இரண்டும்.

ஒரு கண் சிமிட்டல் முன்பின் இல்லை தம்பி, இரண்டு பூவும் பேசி வைத்துக்கொண்டு இறங்கியதுபோல ஒன்றாக வந்து சாமி மடியில் கிடக்கின்றன. நான் நஞ்சப்பனைப் பார்த்தேன். நஞ்சப்பன் என்னைப் பார்த்தார். அவர் விரல் நுனி பளபளவென்று இருந்தது.

ஆபீசர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "என்னய்யா, பூ விழுந்துடுச்சுல்ல? கிளப்பு!"

இன்னாசி என்ஜினிலிருந்து இறங்கி வந்தார். "எது விழுந்துச்சுங்க ஐயா?"

"ரெண்டும்தான் விழுந்துச்சு, நானே பார்த்தேனே!"

"அதாங்க ஐயா. வலது விழுந்தா போவணும், எடது விழுந்தா இருக்கணும். ரெண்டும் விழுந்தா?"

"ரெண்டும் விழுந்தா ரெண்டு தடவை போய்யா!"

இன்னாசி சிலுவையைத் தொட்டுக்கொண்டார். "பரிகாசம் பண்ணாதீங்க ஐயா. அவரு கேட்டுட்டு இருக்காரு."

மறுபடி ஒட்டினார் பூசாரி. இரண்டும் விழுந்தன. சந்தனத்தை இட்லி மாதிரி அள்ளி அப்பினார். அப்பிய சந்தனத்தோடு வழுக்கிக்கொண்டு இரண்டும் வந்தன. காளியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்க தாத்தா காலத்துல இருந்து இப்படி நடந்ததில்ல. போன்னும் சொல்றாரு, இருன்னும் சொல்றாரு."

ஜனம் முழுக்க இறங்கிவிட்டது. ஆளுக்கொரு பேச்சு. ஒருவர் இது தேசத்துக்கே ஆகாது என்றார். வாத்தியார் கூட்டிக் கழித்துப் பார்த்து, "ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு, ஆக வாக்கே கேக்கல, மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்றார். நாங்கள் முந்திய பஸ் அப்போது ரோட்டில் எங்களைத் தாண்டியது. கன்னையன் படியில் தொங்கிக்கொண்டே கத்துகிறான்: "கார்டு சார்! பூப்பறிச்சு முடிஞ்சுதா? மாலை கட்டி முடிச்சதும் சொல்லியனுப்புங்க, கல்யாணத்துக்குப் போட்டுக்கறேன்!"

யாரைப் பார்த்துக்கொண்டு சொன்னான் தெரியுமா? மாதம்மாவை.

அப்போதுதான் தம்பி எனக்கு அந்த யோசனை வந்தது. அதை இன்றைக்கும் நினைத்தால் எனக்கே ஆச்சரியம்தான், எங்கிருந்து வந்ததோ! இந்தப் பெட்டிப் படியில் ஏறி நின்று கையைத் தூக்கினேன். "எல்லாரும் கேளுங்க! சாமி தெளிவாத்தான் சொல்லியிருக்காரு, நமக்குத்தான் புத்தி எட்டல. போன்னும் சொல்றாரு, இருன்னும் சொல்றாரு. நம்மகிட்ட ரெண்டு பெட்டி இருக்கு. ஒண்ணு போவட்டும், ஒண்ணு இருக்கட்டும்!"

எல்லாரும் என்னைத் தேர் மாதிரி பார்த்தார்கள். காளியப்பன் ஓடிவந்து என் காலைத் தொட வந்தார். இன்னாசி, "திம்மா, ஒனக்கு இம்மாம் பெரிய மூளையா!" என்றார். ஆபீசரைக் கேட்டோம். அவர் கர்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு, "எப்படியாவது கிளப்பித் தொலைங்கய்யா" என்றார். உத்தரவு கிடைத்துவிட்டது. இரண்டு பெட்டிக்கும் நடுவே கொக்கியைக் கழற்றினேன். ஜனம் முழுக்க முன்பெட்டியில் ஏறியது. இன்னாசி ஊதினார். நான் பச்சைக்கொடி காட்டினேன். வண்டி போயிற்று.

ஆபீசர் ஜன்னலோரம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். ஊதல் கேட்டதும் அப்பாடா என்று மூச்சுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து வெளியே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"கார்டு, அந்தப் புளியமரம் ஏன் நகரல?"

"அது நிக்கற பெட்டிங்க ஐயா. போற பெட்டி போயிடுச்சு."

அவர் முகத்தை நான் வர்ணிக்கமாட்டேன். பெரிய மனிதர்.

அங்கே கரடிக்கொல்லையில் என்ன நடந்தது தெரியுமா? நாயனம், மேளம், வாழைமரம். சொன்ன நேரத்துக்குச் சொன்ன நிமிஷத்தில் வண்டி போய் நின்றது! லைன் போட்ட நாளிலிருந்து முதல் தடவை. ஸ்டேஷன் மாஸ்டர் மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஆபீசரைத் தேடினார். ஆபீசர் இங்கே நஞ்சப்பன் கடையில் ஆறின டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மாலையை இன்னாசிக்குப் போட்டார்களாம். இதைவிட ஒரு லைன் என்ன செய்யவேண்டும், நீங்களே சொல்லுங்கள். சரியான நேரத்துக்குப் போனது போனதுதானே? அவர் அதில் ஏறாதது யார் தப்பு?

கன்னையன் பஸ் கரடிக்கொல்லையில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது. ஆபீசர் கையைக் காட்டினார். அந்தப் பயல் துண்டால் சீட்டைத் தட்டி, குடை பிடிக்காத குறையாக ஏற்றிக்கொண்டான். சந்தைமேடு போனதும் தந்தி பறந்தது. என்ஜின் இருக்கிற இடத்திலேயே நிற்கவேண்டும், லைன் அன்றோடு சரி. பஸ் முதலாளி செய்த சதிதான் இது. வேறென்ன காரணம் இருக்கமுடியும்?

நஞ்சப்பனை விடுவேனா? கேட்டேன். "மாமா, எந்தத் தோள்ல தடவினீங்க?" "வலது தோள்லதான்டா. சாமிக்கு எது வலதோ, அதுல" என்றார். சாகிறவரை அதையே சொன்னார். சாமிக்கு ஒரு வலது, நமக்கு ஒரு வலது என்று எங்கேயாவது உண்டா தம்பி? வலது என்றால் வலது. அந்த மனிதர் போட்ட எண்ணெயில் ஒரு லைனே வழுக்கி விழுந்தது. மாமனார் என்பதால் வெளியே சொல்லவில்லை.

சரி, என் கதை. கார்டுக்கு ஒரு விதி உண்டு. வண்டியிலிருந்து கழன்ற பெட்டியை விட்டுக் கார்டு நகரக்கூடாது. பின்னால் சிவப்புக்கொடி நட்டு, என்ஜின் திரும்பி வரும்வரை, அல்லது மாற்று ஆள் வரும்வரை, பெட்டியிலேயே இருக்கவேண்டும். நான் கொடியை நட்டேன். உட்கார்ந்தேன். அன்றைக்கு வரவில்லை. மறுநாள் வரவில்லை. லைன் மூடியாயிற்று என்று ஊரார் வந்து சொன்னார்கள். எனக்கு யார் சொல்லவேண்டும்? டிப்பார்ட்மெண்டு சொல்லவேண்டும். அவர்கள் இன்னாசியை வேறெங்கோ அனுப்பினார்கள், பூசாரிக்குக்கூட நன்றி சொல்லி ஆள் அனுப்பினார்கள். என்னை மறந்துவிட்டார்கள். தண்டவாளத்தைப் பிடுங்க ஆட்கள் வந்தார்கள். இரண்டு பக்கமும் பிடுங்கினார்கள். இந்தப் பெட்டிக்கு அடியில் இருப்பதைப் பிடுங்க முடியவில்லை. மேலே நான் டூட்டியில் இருக்கிறேன். இன்றைக்கும் குனிந்து பார்த்தால் இரண்டு துண்டு தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் கன்னையன் வீட்டார் தட்டோடு வந்து இறங்கினார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், புடவை. கன்னையன் சுருட்டை முடிக்கு எண்ணெய் போட்டு வந்திருந்தான். நான் இந்தக் கதவில் கோட்டும் தொப்பியுமாக நின்று பார்க்கிறேன். டூட்டியில் இருக்கிற ஆள் இறங்கிப்போய்ச் சண்டை போடலாமா? விதியில் இல்லை.

நஞ்சப்பன் தட்டைக் கையில் வாங்கப்போனார். மாதம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"ரயில்காரனுக்குத்தான் குடுப்பேன்னு ஊரெல்லாம் சொன்னியேப்பா. இவரு பஸ்காரரு இல்ல?"

"லைனே போயிடுச்சேடி!"

"லைன் போச்சு. வண்டி போவலையே. அந்தாளு தொப்பியோட நிக்கறாரு பாரு."

கன்னையன் அம்மாவுக்குக் கோபம். "பொட்டப்புள்ள பேசறதுல சபை நடக்குமா? சாமிகிட்ட பூவாக்குக் கேளுங்க. எம்மவனுக்குன்னா எடது பூ, அந்தத் தொப்பிக்காரனுக்குன்னா வலது பூ."

கேட்டார்கள். காளியப்பன் ஒட்டினார். என்ன விழுந்திருக்கும்? கல்லில் ஊறிய எண்ணெய் போகுமா தம்பி? இரண்டும் விழுந்தன.

நஞ்சப்பன் தலையில் கை வைத்துவிட்டார். ரெண்டு பேருக்கும் கொடு என்று சாமி சொல்கிறதா, ரெண்டு பேருக்கும் கொடுக்காதே என்கிறதா? என்னைப் பார்த்தார்கள், யோசனை சொல்லு என்கிற மாதிரி. எனக்கு அன்றைக்கு எந்த யோசனையும் வரவில்லை.

மாதம்மா குனிந்தாள். சாமி மடியில் கிடந்த இரண்டு பூவையும் எடுத்தாள். இரண்டையும் சேர்த்துத் தலையில் செருகிக்கொண்டாள். ஒருத்தரிடமும் ஒன்றும் கேட்காமல் நேராக நடந்து வந்து, படியில் கால் வைத்து, இந்தப் பெட்டியில் ஏறி, அதோ அந்தப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

என் கோட்டையும் தொப்பியையும் பார்த்துத்தான் ஏறினாள். ஆண் என்றால் உத்தியோகக் களை இருக்கவேண்டும். என்னடி சொல்றே? மழை தூற ஆரம்பித்ததாம். பக்கத்தில் கூரை இருந்தது இது ஒன்றுக்குத்தானாம். கேளுங்கள் தம்பி, இந்த வயசிலும் வெட்கம்! அன்றைக்கு மழையா பெய்தது? சரி, லேசாகப் பெய்தது. பெய்தால் என்ன, விட்டதும் இறங்கியிருக்கலாமே, யார் பிடித்து வைத்தார்கள்? பேரன் பேத்தி எடுத்தாயிற்று, இன்னும் இறங்கவில்லை.

அதோ உங்கள் பஸ் வருகிறது. கையைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் நிறுத்தமாட்டான். காசை அவளிடம் கொடுங்கள், நான் தொடுவதில்லை, கார்டு பயணியிடம் கை நீட்டக்கூடாது.

இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்லுங்கள், எழுதுகிற ஆளாக இருந்தால் எழுதுங்கள். ஆனால் யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். எனக்கு இன்னும் மாற்று ஆள் வரவில்லை தம்பி. டூட்டியில் இருக்கிற கார்டு, பெட்டிக்குள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினான் என்று தெரிந்தால் வேலைக்கு ஆபத்து. அவள் வேறு, ரயில்காரனைத்தான் கட்டினேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.